ஹார்ப் ஆம்பை மேடை ஒலி அமைப்போடு இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளூஸ் பாணியில் மவுத் ஆர்கன் (ஹார்மோனிகா, சுருக்கமாக ஹார்ப்) வாசிப்பவர்கள் ஒரு மைக்கையும் வாத்தியத்தையும் சேர்த்துக் கைக்குள் மூடிப் பிடித்து, அதைச் சிறிய வால்வு ஆம்ப்ளிஃபையரில் செருகி வாசிப்பார்கள். 1950-களின் தொடக்கத்தில் சிகாகோவில் லிட்டில் வால்டர் போன்றவர்கள் நிலைநிறுத்திய ஓசை அது. இந்த ஆம்ப் ஓர் அறைக்குத் தாராளம், மண்டபத்துக்குக் காணாது. மண்டபத்து மைக் செட்டோடு, அதாவது பி.ஏ. சிஸ்டத்தோடு, இதைச் சேர்க்கும்போது வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் கீழே.

பாடகர் மைக்கிலேயே வாசித்துவிட்டுப் போகலாமே, ஆம்ப் எதற்கு?

குரோமாட்டிக் ஹார்மோனிகாவில் சினிமாப் பாட்டு, மெலடி வாசிப்பவர் என்றால் ஆம்ப் வேண்டாம். நல்ல பாடகர் மைக், கொஞ்சம் எக்கோ, அவ்வளவுதான். சுத்தமான ஓசைதான் அங்கே அழகு.

ப்ளூஸ் ஹார்ப்பின் கதை வேறு. அதன் கரகரப்பும் கனமும் வாத்தியத்திலிருந்து மட்டும் வருவதில்லை. மூடிய கைக்குள் திணறும் மைக், அதன் வேகம் தாங்காமல் கரகரக்கும் வால்வு, பவர் வால்வு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், கடைசியாக 8 அல்லது 10 அங்குலக் காகிதக் கூம்பு என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் சேர்க்கிறது, கொஞ்சம் மழுக்குகிறது. பி.ஏ. சிஸ்டமோ கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லக் கட்டப்பட்டது. ஆகவே ஆம்பின் ஸ்பீக்கரைத் தாண்டி வந்த ஓசையைத்தான் மிக்ஸருக்குக் கொடுக்க வேண்டும். கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்து பிறப்பவைதான்.

இணைக்க எத்தனை வழி இருக்கிறது?

நான்கு. ஆம்பின் ஸ்பீக்கர் முன் ஒரு மைக் வைப்பது. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஸ்பீக்கர் சிமுலேஷன் (ஸ்பீக்கரின் மழுக்கலைப் போலச் செய்வது) உள்ள டிஐ பாக்ஸ், அதாவது சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி, போடுவது. ஆம்பில் லைன் அவுட் இருந்தால் அதை எடுப்பது. ஆம்பே இல்லாமல் பெடல் வழியாகப் போவது. பத்தில் ஒன்பது மேடைக்கு முதல் வழி போதும். எந்த மண்டபத்திலும் ஒரு மைக்கும் ஸ்டாண்டும் கிடைத்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

ஸ்பீக்கர் முன் மைக்கை எங்கே, எப்படி வைப்பது?

ஷ்யூர் எஸ்எம்57 அல்லது சென்ஹைசர் இ609 மாதிரி ஒரு டைனமிக் மைக் எடுங்கள். எஸ்எம்58 மட்டும்தான் இருக்கிறது என்றாலும் கவலை இல்லை.

முதலில் துணிக்குப் பின்னால் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பல ஆம்புகளில் அது பெட்டியின் நடுவில் இருக்காது. மொபைல் டார்ச்சைத் துணியில் ஒட்டினாற்போல் சாய்த்து அடித்தால் கூம்பின் விளிம்பும் நடுவிலுள்ள குமிழ் மூடியும் நிழலாகத் தெரியும். இருட்டு மேடையில் தடவிப் பார்த்து மைக் வைப்பதைவிட இது மேல்.

மைக்கின் நுனிக்கும் துணிக்கும் இடையே இரண்டு விரல் அகலம், ஏறக்குறைய 3 முதல் 5 செ.மீ., இடைவெளி விடுங்கள். குமிழ் மூடிக்கு நேர் எதிரே வைத்தால் கீச்சென்று குத்தும். கூம்பின் வெளி விளிம்பில் வைத்தால் போர்வைக்குள் வாசிப்பதுபோல் மங்கிவிடும். குமிழ் முடிந்து கூம்பு தொடங்கும் இடத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓர் அங்குலம் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். ஒரு விரற்கடை நகர்த்தினாலே ஓசை மாறும். ஈக்வலைசரைத் தொடும் முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள். கிதார் ஆம்புக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் விளிம்புப் பக்கம் வைத்தால் ஹார்ப்புக்குப் பெரும்பாலும் ஒத்துவரும்.

ஃபெண்டர் பாஸ்மன் வகை ஆம்பில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் இருக்கும். நான்குக்கும் மைக் வைக்க வேண்டாம். ஒவ்வொன்றின் முன்னும் காதை வைத்து (குறைந்த சத்தத்தில்!) எது நன்றாக இருக்கிறதோ அதற்கு மட்டும் ஒரு மைக் போதும். முன்னால் ஒன்று, திறந்த பின்பக்கம் ஒன்று என இரண்டு வைத்தால், பின் மைக் சேனலில் போலாரிட்டி பட்டனை அழுத்தியாக வேண்டும். கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. திருப்பாமல் விட்டால் ஒன்றை ஒன்று தின்று ஓசை ஒல்லியாகிவிடும்.

ஸ்டாண்ட் இல்லையே, மைக்கைக் கேபிளில் தொங்கவிடலாமா?

தட்டை முகம் கொண்ட இ609 அப்படித் தொங்கவிடத் தோதானது. ஹாண்டிலைச் சுற்றி ஒரு முடிச்சு, முகம் துணியைப் பார்த்தபடி. எஸ்எம்57-ஐ அப்படித் தொங்கவிட்டால் அது தரையைப் பார்க்கும்.

ஆம்பின் ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து வயர் எடுத்து மிக்ஸரில் குத்தினால் என்ன?

மிக்ஸரும் போகும், ஆம்பும் போகும். 15 வாட் ஆம்ப் 8 ஓம் ஸ்பீக்கருக்கு முழு வேகத்தில் ஏறக்குறைய 11 வோல்ட் அனுப்புகிறது. பாடகர் மைக்கிலிருந்து மிக்ஸருக்கு வருவது சில மில்லிவோல்ட். ஆயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த ஜாக்கை மிக்ஸருக்குத் தருவது. வால்வு ஆம்ப் லோடு, அதாவது சக்தியை வாங்கிக்கொள்ளும் ஸ்பீக்கர், இல்லாமல் ஓடக்கூடாது. போக இடமில்லாத சக்தி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பெரும் வோல்டேஜாக எகிறி அதன் சுற்றையோ வால்வு சாக்கெட்டையோ எரித்துவிடும். ஓசையே கேட்காமல் எரியும் என்பதால் புகை வரும் வரை தெரியாது.

அப்படியானால் டிஐ பாக்ஸை எங்கே போடுவது?

ஸ்பீக்கர் லெவலைத் தாங்கும் என்று எழுதியிருக்கும் டிஐ மட்டும். பாமர் பிடிஐ-09 போன்ற பெட்டிகள் இதற்கென்றே செய்தவை. ஆம்பின் ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர், பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு வயர், பக்கத்தில் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் கேனன்) வழியாக மிக்ஸருக்கு. இது லோடு அல்ல, ஸ்பீக்கர் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். இரண்டு வயரும் ஸ்பீக்கர் வயராக இருக்கட்டும். கிதார் வயரின் நடுக்கம்பி மெல்லியது, சூடாகும்.

ஸ்பீக்கர் சிமுலேஷன் இல்லாத சாதாரண டிஐ போட்டால், தகரத்தில் ஆணியால் கீறும் சத்தம் வரும். வாத்திய ஸ்பீக்கர்கள் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விறுவிறுவென இறங்கிவிடும்; கரகரப்பின் கூர்முனைகளை அந்தக் காகிதக் கூம்புதான் மழித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டாமல் எடுத்தால் அத்தனையும் மேடை ஸ்பீக்கரின் ட்வீட்டருக்குப் போகும்.

டிஐ-யின் நன்மை, பக்கத்து டிரம்ஸ் அதில் விழாது. மிகச் சிறிய மேடை, பெரிய டிரம்மர் என்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே எடுக்கலாம்.

என் ஆம்பில் ப்ரீஆம்ப் அவுட் என்று ஒரு துளை இருக்கிறது. அது சரிதானே?

செருகினால் எதுவும் கெடாது, ஓசை மட்டும் பாதிதான் வரும். ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸில் உள்ளது போன்ற அந்தத் துளை, பவர் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் முன்னால் இருக்கிறது. ஹார்ப்பின் கனமெல்லாம் அந்த இரண்டிலும்தான். வேறு வழியில்லாதபோது மட்டும் எடுங்கள். அப்போதும் டிஐ வழியாக, ஆம்பின் பக்கத்திலேயே டிஐ-யை வைத்து. பாலன்ஸ் இல்லாத அந்த வயர் 5, 6 மீட்டரைத் தாண்டினால் மேடையிலுள்ள சீரியல் லைட் இரைச்சலையெல்லாம் வாரிக்கொள்ளும்.

புல்லட் மைக்கை ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸரில் செருகினால் ஏன் தகர டப்பா மாதிரி கேட்கிறது?

இம்பீடன்ஸ், அதாவது ஒலி மின்னோட்டத்துக்கு எதிரான தடை, பொருந்தவில்லை. புல்லட் மைக் என்பது ஹார்ப்போடு கைக்குள் மூடிப் பிடிக்கும் குண்டு மைக். ஷ்யூர் 520டிஎக்ஸ், பழைய அஸ்டாட்டிக் ஜேடி-30 எல்லாம் ஹை-இம்பீடன்ஸ் மைக்குகள். வால்வு ஆம்பின் 1 மெகா ஓம் வாசலுக்காகச் செய்தவை. மிக்ஸரின் மைக் வாசல் சில கிலோ ஓம், லைன் வாசல் ஏறக்குறைய 10 கிலோ ஓம்.

ஜேடி-30-இல் இருக்கும் கிரிஸ்டல் கேப்ஸ்யூல் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரு கண்டென்சர் மாதிரி. தாழ்ந்த சுரம் நிற்க வேண்டுமானால் எதிரே பெரிய ஓம் வேண்டும். 1 மெகா ஓமில் முழு ஓசை வரும், 10 கிலோ ஓமில் கீச்சு மட்டும் மிஞ்சும். ஆகவே மிக்ஸரில் ஹை-இசட் (ஹை-இம்பீடன்ஸ்) பட்டன் உள்ள சேனல் வேண்டும், இல்லாவிட்டால் 1 மெகா ஓம் வாசல் உள்ள ஆக்டிவ் டிஐ.

இன்னொன்று: அந்தக் கிரிஸ்டல் ரோஷெல் உப்பால் ஆனது. ஈரம் ஆகாது, 55 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும் ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் சித்திரை மாதத்தில் ஒரு மதியம் போதும், மைக் ஊமையாகிவிடும்.

கையில் இருப்பது எஸ்எம்58தான். அதை ஹார்ப் ஆம்பில் செருக முடியுமா?

முடியும். எக்ஸ்எல்ஆர் பின்னைக் கால் அங்குல ஜாக்காக மாற்றும் வெறும் வயர் போட்டால் ஆம்ப் முனகும், உறுமாது. நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள அடாப்டர் வேண்டும். ஷ்யூர் ஏ85எஃப் அந்த வகை. அதை மைக் முனையில் மாட்டாமல் ஆம்ப் முனையில் மாட்டுங்கள். அப்போது வயரின் நீளம் முழுதும் லோ-இம்பீடன்ஸாக, இரைச்சல் ஏறாமல் போகும்.

ஃபீட்பேக்! கையை மூடினால் கூவுகிறது. என்ன செய்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். புல்லட் மைக் எல்லாத் திசையிலும் கேட்கும். அதோடு ஆம்பின் கெயின், அதாவது பெருக்கம், முறுக்கேறி நிற்கிறது. கையால் மூடும்போது உள்ளே ஒரு சின்னக் குடுவை உண்டாகி, ஏதோ ஒரு சுரத்தைத் தூக்கிவிடுகிறது. கூவாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் எங்கே சுற்றுகிறது என்று கண்டுபிடியுங்கள். மிக்ஸரில் ஹார்ப் சேனலின் ஃபேடரையும் மானிட்டருக்கு (மேடையில் வாசிப்பவர் கேட்க வைக்கும் ஸ்பீக்கருக்கு) அனுப்பும் குமிழையும் முழுதாக இறக்குங்கள். அப்போதும் கூவினால் ஆம்புக்கும் கைக்கும் இடையே சுற்றுகிறது. சவுண்ட்காரரைத் திட்டிப் பயனில்லை. நின்றுவிட்டால் முதலில் ஃபேடரை ஏற்றுங்கள், பிறகு மானிட்டரை. எதை ஏற்றும்போது கூவுகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் மானிட்டர்.

ஆம்புதான் காரணம் என்றால், அதை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். உடம்பு நடுவில் நின்று மைக்கை மறைக்கும். ட்ரெபிளைக் குறைத்து, பேஸைக் கூட்டுங்கள். ரிவெர்ப் இருந்தால் அணையுங்கள். வாசிக்காமல் மைக்கைக் கையில் பிடித்து, மூடியும் திறந்தும் வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். கூவத் தொடங்கும் இடத்திலிருந்து ஓர் எண் இறக்கினால் அதுதான் அன்றைய மேடையின் எல்லை.

அந்த எல்லை மிகக் கீழே இருக்கிறதா? முதல் வால்வை மாற்றுங்கள். அங்கே வழக்கமாக இருப்பது 12ஏஎக்ஸ்7, நம் பழைய ரேடியோ மெக்கானிக்குகளுக்கு இசிசி83. அதன் பெருக்கம் 100. அதே சாக்கெட்டில் உட்காரும் 5751-க்கு 70, 12ஏஒய்7-க்கு 45-ஐ ஒட்டி, 12ஏயூ7-க்கு 20-ஐ ஒட்டி. கிதாருக்காகச் செய்த ஆம்பை ஹார்ப்புக்கு வசப்படுத்த இதைவிட மலிவான வழி இல்லை. 12ஏஒய்7-இல் தொடங்குங்கள், 12ஏயூ7 சில ஆம்புகளில் உயிரையே எடுத்துவிடும். ஆம்பை அணைத்து, வால்வு ஆறிய பிறகு நேராக இழுத்து மாற்றுங்கள். பெட்டியைத் திறந்து சேசிஸுக்குள் கை வைக்க வேண்டாம். அணைத்த பின்னும் கண்டென்சர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும்.

மானிட்டரில் ஹார்ப் வேண்டாம் என்றால் நான் எப்படிக் கேட்பது?

ஆம்புதான் உங்கள் மானிட்டர். அதை நாற்காலியில் ஏற்றி, காதைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். தரையில் வைத்த ஆம்ப் முழங்காலுக்குத்தான் வாசிக்கும்; கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவீர்கள். மேடையின் மறுபக்கம் நிற்கும் பேஸ் வாசிப்பவரின் மானிட்டரில் ஹார்ப்பைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

5 வாட் ஆம்பைக் கொண்டுபோனால் சிரிப்பார்களா?

ஃபெண்டர் சாம்ப் 5 வாட், 8 அங்குல ஸ்பீக்கர்தான். முன்னால் மைக் வைத்தால் மண்டபம் நிறையும். சின்ன ஆம்பை முழு மூச்சில் ஓடவிட்டு, சத்தத்தை பி.ஏ.விடம் ஒப்படைப்பது, பெரிய ஆம்பைப் பாதியில் அடக்கி வைப்பதைவிடப் பல நேரம் நல்ல ஓசை தரும். டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் உங்களுக்கு உங்கள் சத்தம் கேட்காது, அதுதான் குறை.

உம்ம்ம் என்று ஓர் இரைச்சல். எங்கிருந்து?

வாசிக்காதபோதும் கனமாக, சீராக, நமது 50 ஹெர்ட்ஸ் கரண்டின் சுரத்தில் ஒலித்தால் எர்த் லூப். டிஐ அல்லது லைன் அவுட் வழியாக மிக்ஸரோடு சேர்த்தபோது மட்டும் வரும். டிஐ-யில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே மின் இணைப்புப் பலகையிலிருந்து எடுங்கள். ஸ்பீக்கர் முன் மைக் வைக்கும் முறையில் ஆம்புக்கும் மிக்ஸருக்கும் இடையே கம்பித் தொடர்பே இல்லை என்பதால் இந்தத் தொல்லை வராது. கொரகொரவென்று கூர்மையாக இரைந்தால் விளக்கு டிம்மர். ஹை-இம்பீடன்ஸ் மைக் வயரை விளக்கு வயரிலிருந்து விலக்குங்கள்.

ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் உடைக்கவோ டேப் ஒட்டி மறைக்கவோ கூடாது. ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

உதட்டில் சுரீரென்று அடித்தது. மைக் பழுதா?

மைக் அல்ல, எர்த். ஹார்ப் மைக்கின் உலோக உடல் உங்கள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது. பாடகர் மைக்கின் வலை மிக்ஸரின் எர்த்தோடு சேர்ந்தது. ஆம்ப் மண்டபத்து சாக்கெட்டிலும் மிக்ஸர் ஜெனரேட்டரிலும் ஓடினால் இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் நிற்கலாம். ஒரு கையில் ஹார்ப் மைக், உதட்டில் பாடகர் மைக். சுற்றை நீங்கள் முடித்துவைக்கிறீர்கள். இரண்டு பின் பிளக் போட்ட பழைய ஆம்ப் என்றால் உயிருக்கே ஆபத்து.

வாசிக்கும் முன் மல்ட்டிமீட்டரை 200 வோல்ட் ஏசி-யில் வைத்து, ஒரு முனையைப் பாடகர் மைக் வலையிலும் மறு முனையைப் புல்லட் மைக்கின் உலோகத்திலும் தொடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்யும் வரை தொடாதீர்கள். மீட்டர் இல்லை, எலக்ட்ரீஷியனின் டெஸ்டர்தான் இருக்கிறது என்றால் இரண்டு மைக்கிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். எரிந்தால் நிச்சயம் கோளாறு, ஆனால் எரியாததை வைத்துத் தப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பாடகர் மைக்குக்கு ஒரு ஸ்பாஞ்ச் உறை போடுவது கூடுதல் காப்பு மட்டுமே.

அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதுமா?

போதும், இரண்டு விஷயம் பார்த்தால். ஆம்பின் பின்பலகையில் எழுதியுள்ள வாட்டைப்போல் இரு மடங்கு தாங்கும் ஸ்டெப் டவுன் வாங்குங்கள். அதன் வெளியீட்டு சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். மலிவானவற்றில் மூன்றாவது துளை வெறும் அலங்காரம். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் அதிகமாகச் சூடாகும். பாட்டுக்குப் பாட்டு மேலே கை வைத்துப் பாருங்கள்.

மிக்ஸரில் சவுண்ட்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

"கிதார் ஆம்ப் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ளாட்டாகத் தொடங்குங்கள்" என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது. பாடகர் சேனல் என்று நினைத்து ட்ரெபிளை ஏற்றுவதுதான் வழக்கமான தவறு.

லோ-கட் 100 ஹெர்ட்ஸில். சாதாரண ஹார்ப்களில் தாழ்ந்தது ஜி. அதன் அடிச் சுரமே 196 ஹெர்ட்ஸ், ஆகவே 100-க்குக் கீழே வருவது காலடிச் சத்தமும் பேஸும்தான். காதைக் குத்தினால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் தேடி 3 டெசிபல் குறையுங்கள். 6, 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடலாம். கம்ப்ரெசர் வேண்டாம், கரகரக்கும் ஆம்ப் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் முன் டைனமிக் மைக் என்றால் 48 வோல்ட் ஃபாண்டம் தேவையில்லை. ஆக்டிவ் டிஐ என்றால் தேவை.

எக்கோவை ஓரிடத்தில் மட்டும் போடுங்கள். ஆம்புக்கு முன் டிலே பெடல் இருந்தால் மிக்ஸரில் ரிவெர்ப் மிகக் கொஞ்சம் போதும்.

மண்டபத்தில் பழைய மிக்ஸர் ஆம்ப்ளிஃபையர்தான், எல்லாம் ஜாக் துளை. கேனன் பின்னே கிடையாது.

எஸ்எம்57 வயரின் மறுமுனையில் பி-38 ஜாக் போட்டுக் கொண்டுபோங்கள். மைக் துளையில் செருகுங்கள், ஆக்ஸ் துளையில் அல்ல. ட்ரெபிள் குமிழைப் பாதிக்குக் கீழே வையுங்கள். வெளியே குழாய் ஒலிபெருக்கிதான் கட்டியிருக்கிறார்கள் என்றால் தாழ்ந்த சுரங்களை மறந்துவிடுங்கள், அது எந்த இணைப்பாலும் வராது.

ஒலிச் சோதனைக்கு ஐந்து நிமிடம்தான் தருகிறார்கள். எந்த வரிசையில் போவது?

மேடை ஏறும் முன்பே ஆம்பை நாற்காலியில் வைத்து, ஆன் செய்து, வால்வு சூடாகவிடுங்கள். மீட்டரால் இரண்டு மைக்கையும் தொட்டுப் பாருங்கள். சேனல் மியூட்டில் இருக்கும்போது வயரைச் செருகச் சொல்லுங்கள். ஆம்பில் உங்கள் ஓசையை முடித்துவிட்டு, நிகழ்ச்சியில் வாசிக்கப்போகும் உச்ச சத்தத்தில், மூடிய கையோடு, நான்காம் துளை உறிஞ்சலை நீட்டி வாசியுங்கள். டிஜிட்டல் மிக்ஸரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கும்படி கெயினை அவர் வைக்கட்டும். பிறகு மியூட்டை எடுத்து, ஃபேடரை டிரம்ஸோடு சேர்த்து ஏற்றட்டும். கடைசி ஒரு நிமிடம் மைக்கை மூடித் திறந்து, வாசிக்காமல், கூவுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ஆம்பின் வால்யூமைத் தொடாதீர்கள். பாட்டுக்கு நடுவே குறைக்க வேண்டுமென்றால் 520டிஎக்ஸின் அடியிலுள்ள குமிழ் அதற்காகத்தான் இருக்கிறது.